அண்ணனின் காரில் ஏறாதவர்கள்

எனது அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் என்னையும் எழுதச் சொல்லி அவருடைய மகள் கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்றபடியால் சம்மதித்தேன்.

அண்ணன் பிறந்தது வெல்லாவெளியில். எங்கள் தகப்பனுடன் வட்டை என்கிற வயல்வெளியில் வேளாண்மை செய்து வளர்ந்தவர். கலியாணம் முடித்து, எங்கள் பகுதி வழக்கப்படி மனைவி வீட்டுக்கு, என் மச்சாளின் செட்டிபாளையத்துக்கு வந்தார். வன்செயல் காலத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து முதலில் இருந்து தொடங்கினார்கள். என் கணவர் போன பிறகு என்னையும் தன்னோடு வைத்துக்கொண்டார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மகள் தாலி கட்டக் கோயிலுக்குப் போகும்போது தகப்பனின் சொந்தக் காரில் போக வேண்டும். அதற்காகவே காத்தான்குடியில் ஒரு முஸ்லிம் நானாவிடம் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். கோயிலடியில் தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கு அடியிலும் தேசிக்காய் வைத்து நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் சொந்தத்தில் முதல் கார் அதுதான்.

பிறகு என்ன, சொந்தக்காரர் எல்லாருக்கும் அது பொதுக் கார் ஆகிவிட்டது. கருவாட்டு மூட்டை ஏற்றினார்கள். கதவு வழியே வெற்றிலை துப்பினார்கள். பிள்ளைகள் சத்தி எடுத்தால் அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். அந்த வாந்தி வாடைக்கு உள்ளே தலையை நீட்டினாலே எனக்குக் குமட்டும். அண்ணன் சவர்க்காரத் தண்ணீரும் பழந்துணியுமாகக் குந்தியிருந்து துடைப்பார்.

"சொந்தச் சனத்தின்ட சத்திதானே புள்ள, இதுக்கு ஏன் மூக்கைப் பொத்துறாய்?" என்று சிரிப்பார்.

மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்த காலம் அது. பக்கத்து வளவுப் பூமணியின் கைக்குழந்தை ஆஸ்பத்திரியில் இறந்தது. வீட்டுக்குக் கொண்டுவர எந்த வேன்காரரும் சம்மதிக்கவில்லை. அண்ணன் போனார். துணியில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பூமணி பின் ஆசனத்தில் இருந்து வந்தாள்.

அடுத்த நாள் எங்கள் சொந்தத்தில் மூத்தவர் ஒருவர் வந்தார். பேர் எழுத மாட்டேன். மலர் கைக்கு வந்ததும் அவருக்கே தெரியும்.

"பிணம் ஏத்தின காராமே மச்சான்?" என்றார்.

"பச்சைப் புள்ள மச்சான் அது," என்றார் அண்ணன்.

"செத்தா எல்லாம் பிணம்தான். இதிலயா மகளை ஏத்தப் போறாய்?"

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"கடல் தண்ணியில மஞ்சளைக் கரைச்சு உள்ளயும் வெளியயும் ஊத்து. தீட்டுப் போயிரும்."

அவருடைய பேரன் எடுத்த சத்தியை அண்ணன் கையால் வழித்தெடுத்ததும் அதே பின் ஆசனத்தில்தான். அப்போது எந்தத் தண்ணீரும் அவர் கேட்கவில்லை. மகளுக்காக அண்ணன் மறுபேச்சில்லாமல் கடற்கரைக்குக் கொண்டுபோய் வாளி வாளியாக ஊற்றினார். தீட்டுப் போனதோ தெரியாது. உப்பு காரின் அடித்தகட்டைத் தின்னத் தொடங்கியது.

கலியாணத்தன்று விடிய அண்ணன் தானே காருக்குப் பூச்சோடித்தார். பெண்ணை அழைக்கிற நேரம் அந்த மனிதர் வேறொரு காரோடு வந்து நின்றார்.

"கழுவினாய், சரி. ஆனா சனத்துக்கு மனசு கேக்காதே மச்சான்."

மகள் அழுதாள். அண்ணன், "ஏறு மகள், நேரம் போகுது," என்று அந்தக் காரின் கதவைத் தன் கையாலேயே திறந்து விட்டார். பிறகு என்னையும் பூமணியையும் பூச்சோடித்த காரில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார். சொந்தத்தில் வேறு ஒருவரும் அதில் ஏறவில்லை. அன்று பந்தியில் அந்த மனிதர் இரண்டாம் தரமும் பாயாசம் கேட்டு வாங்கிக் குடித்தார். அதைப் பார்த்து வந்த அருவருப்பு இதை எழுதும்போதும் எனக்கு வருகிறது.

கடைசிக் காலத்தில் அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் வந்ததும் அந்தக் காரில்தான். மகளின் கணவர் ஓட்டுவார். தகட்டு ஓட்டையால் தெருவின் தூசி மேலே அடிக்கும். அண்ணன் வழியில் சத்தி எடுப்பார். துடைத்தது பூமணி. எங்கள் சொந்தங்களில் ஒருவரும் கூட வரவில்லை. செத்த வீட்டுக்கு மட்டும் வேன் பிடித்து வந்து, வாசல் படலையடியில் இருந்தே குரல் வைத்து அழுதார்கள்.

பூமணிக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. பழுதாகி நின்ற போதெல்லாம் ஓடி வந்து திருத்தித் தந்த காத்தான்குடி நானாவுக்கும் நன்றி. பிள்ளையைப் போல ஓட்டிய மகளின் கணவருக்கும் நன்றி.

கார் இப்போதும் எங்கள் வளவில் நிற்கிறது. அயலில் யாருக்கும் ஆஸ்பத்திரிக்கு அவசரம் என்றால் மகளின் கணவர் எடுத்து வருவார். அன்று ஏற மறுத்தவர்களும் கேட்கலாம், இல்லை என்று சொல்லக் கூடாது என்பது அண்ணனின் சொல். ஓட்டைக்கு மேல் பலகை போட்டிருக்கிறோம். ஏறும்போது பார்த்துக் கால் வையுங்கள். அது நீங்கள் ஊற்றச் சொன்ன தண்ணீர் தின்ற இடம்.