புக் செய்யப்பட்ட மதில்

எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவர்கள் ஒற்றைத் தென்னைக்காக நெய்யாற்றின்கரை கோர்ட்டில் ஆயுசைக் கழிப்பார்கள். ஆனால் தேர்தலுக்கு வெகு முன்பே ஒரு கட்சிக்காரன் வந்து அடுத்தவர் மதிலில் வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் ‘புக்டு’ என்ற சொல்லையும் எழுதிவிட்டுப் போனால், அதை எதிர்த்து ஒருவரும் வழக்குப் போடுவதில்லை. எதிர்க்கட்சிக்காரன்கூட அந்த மதிலைத் தொடமாட்டான். அரசியல் செய்தி எழுதித் தலை நரைத்துவிட்டது எனக்கு. இவர்கள் ஒருவருக்கொருவர் மீறாமல் காத்த ஒப்பந்தம் என்று நான் கண்டது இது ஒன்றைத்தான்.

பாறசாலைக்கு வெளியே, என் வீட்டுக்கு எதிர்வீட்டு அக்காவின் மதிலையும் அப்படி ஒரு கட்சி புக் செய்திருந்தது. அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டு, கால்களும் தளர்ந்துவிட்டன. டயாலிசிஸுக்கு நெய்யாற்றின்கரைக்குப் போகவேண்டும். மதிலில் இருந்ததோ ஓர் ஆள் நுழையும் நடைவாசல். அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் ஆட்டோ டிரைவரும் முற்றம் கடந்து ரோட்டுக்குத் தூக்கி வருவோம். மழை நாளொன்றில் டிரைவருக்குக் கால் வழுக்கியது. நாற்காலியோடு அவர் சரிந்தார். நெற்றியில் தையல் போட்டார்கள். மதிலை இடித்து ஆட்டோ உள்ளே வர வழி செய்வதென்று அக்கா அன்றைக்கே தீர்மானித்தார்.

இடிக்கவேண்டிய இடத்தில் வேட்பாளர் இருந்தார். ஆள் உயரத்துக்குப் பெயர், அதைவிடப் பெரிதாகச் சின்னம்.

தன் மதிலை இடிக்க அக்கா கட்சி ஆபீசுக்குப் போய் அனுமதி கேட்டார். நானும் கூடப் போனேன். செயலாளர் பால் விடாத கட்டஞ்சாயாவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

“சேச்சி, எலெக்‌ஷன் கழியட்டும். ஓட்டு எண்ணின மறுநாள் நம்ம பிள்ளேர் வந்து இடிச்சுத் தருவினும்.”

“அதுவரைக்கும் எனக்க ஆளு நாற்காலியிலயாக்கும் போணும்?”

“இத்திரி பொறுக்கணும். இப்பம் பேரு முறிஞ்சா சகுனம் கொள்ளாது சேச்சி.”

முந்தின வாரம்தான் பெருங்கடவிளை முக்கில் மூடநம்பிக்கைக்கு எதிராக அந்த வாய் மைக்கை எச்சிலால் நனைத்திருந்தது.

செய்தி எதிர்க்கட்சியை எட்டியது. அவர்களுக்கு இரக்கம் பொங்கியது. இந்த ஊரில் இரக்கம் எப்போதும் ஃப்ளெக்ஸ் போர்டோடுதான் வரும். களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் இந்த இரண்டு கட்சிக்கும் ஒரே மேடை, ஒரே கூட்டணி, ஒருவர் தோளில் ஒருவர் சால்வை. இந்தப் பக்கம், கேரளத்துக்குள் வந்ததும் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். செக்போஸ்டில் கோழி லாரியை நிறுத்துவதுபோலக் கொள்கையையும் இறக்கிச் சோதிப்பார்கள் போலும்.

போராட்டத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது டயாலிசிஸ் நாளை. உட்கார்ந்தது நடைவாசலை அடைத்து. நோயாளிக்கு நீதி வேண்டுமாம். நீதி கிடைக்கவேண்டிய நோயாளியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் உள்ளே நின்றோம்.

“எலே, வழி விடுங்கலே! நேரமாச்சு!” என்றார் டிரைவர்.

“ஒரு நிமிசம் அண்ணே, தலைவர் வந்துட்டிருக்காரு. ஒரு ஃபோட்டோ மட்டும்.”

ஒருவன் நாற்காலியில் இருந்தவருக்குச் சால்வை போர்த்தினான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனிதர், வீங்கிய கையால் அதை விலக்கப் பார்த்தார்; முடியவில்லை. அக்கா அதைப் பார்த்தார். கொல்லைப்பக்கம் போய்க் கடப்பாரையோடு திரும்பினார்.

முதல் குத்து, பெயருக்கு நேர் பின்னால் விழுந்தது. பழைய சிமென்ட் கல். அரசியல்வாதியின் வாக்கைப் போலப் பொலபொலவென்று உதிர்ந்தது. நாற்காலியை நிழலில் இறக்கிவிட்டு டிரைவர் மண்வெட்டி எடுத்தார். நான் கற்களைத் தள்ளினேன். புக் செய்த கட்சிக்காரர்கள் பைக்கில் பாய்ந்து வந்தார்கள்.

“சேச்சி! இது எங்க கட்சி புக் பண்ணின மதிலாக்கும்!”

“புக் பண்ணினத நீ எடுத்துட்டுப் போ மக்கா. எனக்க மதில நான் இடிக்கேன்.”

ஜனநாயகப் படுகொலை என்று ஒரு கூட்டம் கத்தியது. ஜிந்தாபாத் என்று மறு கூட்டம் கத்தியது. இரண்டுக்கும் மெட்டு ஒன்றுதான். இரண்டு கூட்டத்திலும் ஒருவன்கூடக் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் போடவில்லை.

ஆட்டோ இடிபாட்டின்மேல் குலுங்கி ஏறி வீட்டுப்படிவரை வந்தது. அவரை இரண்டடிகூடத் தூக்கவேண்டியிருக்கவில்லை. சால்வையோடு இருக்கையில் சாய்ந்துகொண்டு, பிளந்து கிடந்த மதிலைப் பார்த்தார்.

“வழி பெருசாயிட்டு, கேட்டியா. இனி ஓட்டு கேக்க அவனுவளுக்க ஜீப்பும் நேரே அடுக்களைக்கு வரும்.”

அக்கா கையிலிருந்த சாந்துப்பொடியை அந்தச் சால்வையில் துடைத்துக்கொண்டு ஏறினார்.

“ஆட்டோவுக்க அளவுக்குத்தான் இடிச்சிருக்கேன். தள்ளி இரியுங்க.”