அன்னத்தின் மேல் மயில்

நான் காய்ச்சிய பசையை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இதை எழுதுவதற்கே எத்தனையோ நாள் ஆகிறது. அதனால் என்ன, பசை விஷயத்தில் என்னை அசைக்க ஆள் கிடையாது. நான் பிறந்தது அம்மையார்குப்பத்தில். எட்டு வயதிலேயே தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சினவள்.

எழுபதுகளில் திருத்தணியில் ஒரு வக்கீல் வீட்டுக்குச் சமையலுக்குப் போனேன். அவர் தொழிலை விட்டுச் சில வருஷம் ஆகியிருந்தது. மனைவி தவறிவிட்டார். வீட்டில் மிச்சம் இருந்ததெல்லாம் புத்தகம்தான். கூடத்தில், படுக்கும் அறையில், பருப்பு டப்பா வைக்கும் அலமாரியில் கூட. ஒவ்வொரு புத்தகத்திலும் அட்டைக்கு உள்பக்கம் ஒரு படச்சீட்டு ஒட்டுவார். மெட்ராஸில் சொல்லி அச்சடித்தது. ஒரு மலை, படிக்கட்டு, உச்சியில் ஒரு மயில், கீழே அவர் பெயர். புத்தகம் யாருடையது என்று தெரிவதற்காம். கோந்து போட்டு ஒட்டியிருந்தார். கரப்பான் கோந்தைத் தின்றதோடு நிறுத்தவில்லை, பாதி மயில்களுக்குத் தலையே இல்லை.

"ஏம்மா, நீ நெசவுக்காரங்க வீட்டுப் பொண்ணுதானே? பசை காய்ச்சத் தெரியுமா?" என்றார் வக்கீலய்யா.

"நான் ஒட்டுனா, அப்புறம் நீங்களே நெனச்சாலும் பிரிக்க முடியாதுங்க."

"பிரிக்கிறதுக்கா ஒட்டறோம்?"

மைதாவில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினேன். அதற்கப்புறம் கரப்பான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மேசைக்கு இடது பக்கம் அவர் அடுக்கி வைக்கும் புத்தகங்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டுவது என் பொறுப்பாகிவிட்டது.

ஒரு நாள் அந்த அடுக்கில் இருந்த பழைய புத்தகம் ஒன்றில் ஏற்கெனவே வேறு சீட்டு இருந்தது. தாமரைக் குளம், நடுவில் ஓர் அன்னம். எங்கள் ஊரில் கைலியை மடித்து அதன் மேல் முதலாளியின் படச்சீட்டை ஒட்டுவார்கள். அந்தச் சரக்கை இன்னொரு முதலாளி வாங்கினால் பழைய சீட்டைக் கிழிக்க மாட்டார். கிழித்தால் துணி பாழ். அதற்கு மேலேயே தன் சீட்டை ஒட்டிக்கொள்வார். எனக்குத் தெரிந்த முறை அது. நானும் அன்னத்தின் மேல் மயிலை ஒட்டினேன். விளிம்பு கூடத் தெரியாமல் ஒட்டினேன்.

மறுநாள் மத்தியானம் காபி கொண்டுபோனபோது வக்கீலய்யா அந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரைக் கேட்டு ஒட்டுன?"

"அடுக்குல இருந்துச்சுங்க."

"இது நகரி பண்டிதர் புக்கும்மா. இரவல் வாங்கினது."

நகரி பண்டிதர் அவருடைய சிநேகிதர். அவரும் புத்தகம் சேர்ப்பவர். இரண்டு வருஷம் கெஞ்சிய பிறகு, பதினைந்து நாள் கெடு வைத்து இதைக் கொடுத்திருந்தார். வக்கீலய்யாவோ தன் வீட்டு வாசலில் 'புத்தகம் இரவல் தரப்படாது' என்று பலகை மாட்டியிருப்பவர். இரவல் வாங்கித் திருப்பித் தராதவன் திருடன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மறுநாள் கிருத்திகை. பண்டிதர் மலைக்கு வந்து சாமி பார்த்துவிட்டு, இங்கே சாப்பிட்டு, புத்தகத்தை வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

"முப்பது வருஷம் கோர்ட்டுல நின்னவன் நான். நாளைக்கு என்னையே திருடன்னு சொல்லப் போறான். பிரிச்சிடு."

"பிரிக்கிறதுக்கா ஒட்டறோம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பிரிச்சிடும்மா."

என் கைவேலையை நானே பிரிப்பதில் எனக்கு இஷ்டமில்லை. ஆனால் மனுஷர் காபியைத் தொடவில்லை. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து சீட்டின் மேல் போட்டேன். நன்றாக ஊறிய பிறகு மூலையைத் தூக்கினேன். மயில் வந்தது. கூடவே அன்னமும் வந்தது. என் பசை அன்னத்தை விடவில்லை. அன்னத்தின் பழைய கோந்துதான் அட்டையை விட்டுவிட்டது.

அன்னம் இருந்த இடத்தில் ஊதா மையில் வட்டமாக ஒரு முத்திரை இருந்தது. நான் எழுத்துக் கூட்டினேன்.

"பொ... து... வா... ச... க..."

"சாலை" என்றார் வக்கீலய்யா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"கீழ இன்னும் இருக்குதுங்க. வெ... ளி... யே..."

"போதும், நிறுத்து."

நான் நிறுத்தவில்லை. எடுத்ததைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. 'வெளியே எடுத்துச் செல்லக் கூடாது' என்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவர் கேட்டுக்கொண்டே ஆறிப்போன காபியைக் குடித்து முடித்தார்.

"நாளைக்குக் கேக்கப் போறீங்களா?"

"எப்பிடிக் கேக்கறது? என் அன்னத்தை ஏன்டா பிரிச்சேன்னு அவன் கேப்பானே. இருந்த மாதிரியே ஒட்டிடு. நாளைக்கு நீ வாயத் தொறக்கக் கூடாது."

தண்ணீரில் மிதக்க விட்டு மயிலையும் அன்னத்தையும் பிரித்தேன். அட்டையைக் காயவைத்து, முத்திரை மறைய அன்னத்தை ஒட்டி, மேலே அம்மிக் குழவியை வைத்தேன்.

மறுநாள் பண்டிதர் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் இலை போடுவதற்குள் புத்தகத்தைக் கேட்டு வாங்கித் திறந்தார். அன்னத்தின் மேல் கட்டை விரலை ஓட்டினார்.

"ஏம் பாவா," என்றார். தெலுங்கில் மச்சான் என்று அர்த்தம். உறவு ஒன்றும் இல்லை, அவர்கள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "இந்த மூலை எப்பவும் தூக்கிக்கினு இருக்கும். இப்ப படிஞ்சி கெடக்குதே?"

"ஈரக்காத்து. மலைக்காத்து இல்ல?" என்றார் வக்கீலய்யா.

திருட்டுப் பட்டம் வந்திருந்தாலும் பொறுத்திருப்பேன். என் பசைக்கான பேர் காற்றுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"காத்து எந்த ஊர்லங்க பசை காய்ச்சுது?" என்றேன்.

வக்கீலய்யா தம்ளரில் இருந்த மோருக்கு இரண்டாவது தடவையாக உப்புப் போட்டார். பண்டிதர் புத்தகத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அடியில என்னா இருந்துதும்மா?"

வக்கீலய்யா தலை நிமிரவில்லை. இருவரில் யார் முகத்தைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சாம்பார் கரண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

என் வாழ்நாளில் நான் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"ஆங்," என்றார் பண்டிதர். புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு வடை இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வக்கீலய்யா அந்த மோரை முழுவதும் குடித்தார்.

அடுத்த கிருத்திகைக்குப் பண்டிதர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே ஆறு புத்தகம். மேலே புதிதாக அச்சடித்த அன்னச் சீட்டுகள்.

"ஏமம்மா ஈரக்காத்து," என்றார். "இதுங்க மேலயும் கொஞ்சம் வீசேன்."

ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். மூன்றில் ஊதா வட்டம் இருந்தது. அந்த மூன்றுக்கும் பசையைக் கொஞ்சம் கெட்டியாகவே தடவினேன்.