முதல் பரிசு எனக்கு, கைதட்டல் தங்கபாய்க்கு

விடுதித் தோழிகளே, படித்துவிட்டு அடுத்தவளுக்கு அனுப்புங்கள். இன்றைக்கே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இன்று கருங்கல் ஊரில் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி. பரிசு கொடுக்க வந்தவர் நார்வே நாட்டு நர்ஸம்மா. அவர் ஊர்ப் பனிச்சறுக்கு வீரன் ஒருவன், தடி ஒடிந்த எதிராளிக்குத் தன் தடியைக் கொடுத்துவிட்டுத் தோற்றானாம்.

"எங்க நாடே அவனைத்தான் கொண்டாடுது" என்று கண் கலங்கினார். நானும் பலமாகக் கைதட்டினேன்.

எடைத்தட்டில் வைத்ததும் என் மகள் வீறிட்டாள். அழுதால் மார்க் போய்விடும். அடுத்து நின்ற பக்கத்து வீட்டுத் தங்கபாய், தன் மகனின் கிலுகிலுப்பையை வாங்கி என் மகளிடம் நீட்டினாள்.

"கரையாத மக்களே, இன்னா பாரு!" என்று அழுகையை அமர்த்தினாள்.

மகள் சிரித்தாள். முதல் பரிசு. அடுத்து ஏறிய தங்கபாய் மகன் அழுதான். இரண்டாம் பரிசு.

நர்ஸம்மா தங்கபாயைக் கட்டிக்கொண்டு, "எங்க பையனேதான்!" என்றார். ஒரே கைதட்டல். பரிசுக் கிண்ணத்தோடு நின்ற என்னை யாரும் பார்க்கவில்லை.

"முதல் பிரைஸ் கிட்டிச்சே, பின்ன எதுக்குட்டி மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?" என்று திரும்பும் பஸ்ஸில் கேட்கிறாள் தங்கபாய்!

அவள் மகன் அழுதபோது அந்தக் கிலுகிலுப்பை என் மகள் கையில்தான் இருந்தது. நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நீங்கள் கொடுத்திருப்பீர்களா? சாமி சத்தியமாகச் சொல்லுங்கள்.