ஹெங்க்கின் மச்சானும் எங்கள் ஊர்க் குறுவையும்

காலையில் ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்ததும் நான் செய்கிற முதல் காரியம், முன்பின் தெரியாத ஆட்களிடம் ஓசி வாங்குவது. நெதர்லாந்தில் ஒரு விதை கம்பெனியில் எனக்குப் புள்ளியியல் வேலை. எந்த வட்டாரத்தில் எந்தப் பயிர் எப்படி விளைகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு ஆர் என்று ஒரே எழுத்தில் பெயர் வைத்த ஒரு மென்பொருள் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் காசு கேட்பதில்லை. அதோடு சேர்த்து ஓட்டுவதற்கு உலகம் முழுக்க யார் யாரோ ஆளுக்கொரு பேக்கேஜ் எழுதி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். படம் வரைய ஒன்று, சராசரி பார்க்க ஒன்று, விடுபட்ட எண்ணை நிரப்ப ஒன்று. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் திறந்தே வைத்திருக்கிறார்கள், வேண்டியவர் படித்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் சும்மா ஒரு டீ வாங்கிக் கொடுத்தாலே, தேர்தல் ஏதும் வருகிறதா என்று கேட்போம். இங்கே யாரும் கேட்பதில்லை. எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

நான் கணக்குக் கற்றுக்கொண்டது மயிலாடுதுறையில். நாடு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட புதிதில், தெருவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்தது. நான் படித்த சென்டரில் புள்ளியியல் மென்பொருள் திருட்டு சிடியில்தான் இருந்தது. சென்டர் முதலாளி அந்த சிடியை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார். கணக்கு தப்பாக வந்தால் யாரிடமும் புகார் சொல்ல முடியாது, திருடிய பொருளுக்கு ஏது புகார்? ஆகவே விடை என்ன வந்தாலும் அதுதான் விடை என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவோம். இந்த ஊருக்கு வந்து, இந்த மென்பொருள் இலவசம் என்று பக்கத்து மேசைப் பெண் சொன்னபோது, குரலைத் தாழ்த்தி, "எந்தச் சாமி படத்துக்குப் பின்னால்?" என்று கேட்கத்தான் வாய் வந்தது.

இங்கே நான் தனியாகத்தான் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் கலியபெருமாள் மயிலாடுதுறையில் கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நட்டாற்றில் விட்டுவிட்டு வர மாட்டேன் என்பார். உண்மை அதுவல்ல, அவருக்கு விமானம் என்றால் பயம். என் சம்பளத்தில்தான் இரண்டு வீட்டுக் கடனும் அடைந்தது என்பதால் என்னை வா என்றும் சொல்ல மாட்டார், போ என்றும் சொல்ல மாட்டார். முன்பணம் கட்டிப் பேசும் காலிங் கார்டில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கம்பெனி ஒரு முடிவெடுத்தது. வருடத்தில் இரண்டு போகம் விளைகிற ஒரு நெல் வட்டாரத்தில் குறுகிய கால விதைக்குச் சோதனை வயல் போடப் போகிறார்கள், அந்த வட்டாரத்தை நன்றாக அறிந்த ஒருவரை அங்கேயே சில வருடம் அனுப்புவார்கள். காவிரி டெல்டாவைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஒருவர் நான்தான். சம்பளத்தோடு வீட்டுக்குப் போகலாம். இரண்டு போகத்துக்கு எங்கள் ஊரை விட்டால் வேறு எது என்று தைரியமாகக் கணக்கைப் போட்டேன். வந்த வரைபடத்தில் எங்கள் டெல்டா ஒரு போகம் என்று வெளிறிப்போய்க் கிடந்தது.

என் அப்பாவும் அம்மாவும் குறுவை நட்டு, குறுவை அறுத்து, அந்தத் தாளிலேயே தாளடி நட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். அதில் ஒரு போகத்தை எவனோ தூக்கிக்கொண்டு போயிருந்தான். வரி வரியாகத் தேடினேன். ஓஹ்ஸ்ட் என்று ஒரு பேக்கேஜ், டச்சு மொழியில் அறுவடை என்று அர்த்தம். விளைச்சல் பதிவுகளை அதுதான் சுத்தம் செய்து கொடுக்கும். ஒரே வயலுக்கு ஒரே வருடத்தில் இரண்டு பதிவு இருந்தால், இரண்டாவதைத் தவறுதலாக வந்த நகல் என்று முடிவு கட்டி அழித்துவிடும். இங்கிலீஷ் வருடக் கணக்கில், தாளடி அறுப்பது மாசியில், அது முதல் பதிவு. குறுவை அறுப்பது புரட்டாசியில், அது நகல். டெல்டா முழுவதன் குறுவையையும் ஒரே வரி தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நின்றது.

அந்தப் பேக்கேஜை எழுதியவர் பெயர் ஹெங்க். அவருக்கு ஈமெயில் எழுதினேன். எங்கள் வழக்கப்படி எழுதினேன். தாங்களும் குடும்பத்தாரும் நலமா, தங்கள் பேக்கேஜால் பல நாட்டவர் பயனடைகிறார்கள், தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும் என்றெல்லாம் போட்டு, காவிரி எங்கே பிறக்கிறது என்பதில் ஆரம்பித்து, கடைசிப் பத்தியில்தான் விஷயத்துக்கு வந்தேன். பதில் அன்றே வந்தது. "இது பிழை அல்ல. ஒரு வயல் ஒரு வருடத்தில் ஒரு அறுவடை தரும்." வணக்கமும் இல்லை, நலமும் இல்லை. எங்கள் தாசில்தார்கூட மனுவைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் "பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது.

ஆனால் காரியம் ஆக வேண்டுமே. ஊரில் ஒருவரிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் நேரில் வீட்டுக்குப் போக வேண்டும், வெறுங்கையோடு போகக்கூடாது. ஹெங்க் இருந்த ஊர் ரயிலில் பக்கம்தான். முகவரியை அவரே பேக்கேஜில் எழுதி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு போய் அவர் வீட்டு மணியை அடித்தேன். ரப்பர் பூட்சில் சேறோடு ஒரு நெட்டை மனிதர் கதவைத் திறந்தார். என்னையும் டப்பாவையும் பார்த்து, "நமக்கு அஃப்ஸ்பிராக் இருக்கிறதா?" என்றார். முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்வதற்கு இவர்கள் சொல்லும் சொல் அது. அது இல்லாமல் இங்கே சொந்தத் தாயார்கூட வர முடியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். "இல்லை, சும்மா வந்தேன்" என்றேன். சும்மா ஒருவர் வருவது அவருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் உட்காரச் சொல்லி, காபி வேண்டுமா என்று கேட்டார். முதல் தடவை கேட்டவுடன் சரியென்று சொல்லலாமா? "வேண்டாம்" என்றேன். இரண்டாம் தடவை கேட்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு கோப்பை போட்டுக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தார்.

ஹெங்க்குக்கு உத்தியோகம் அரசாங்கத்தின் தண்ணீர்த் துறையில். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிற நிலத்திலிருந்து தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுகிற வேலை. தண்ணீர் வரவில்லை என்று அழுகிற ஊரிலிருந்து வந்த நான், தண்ணீர் போகவில்லை என்று கவலைப்படுகிறவரிடம் குறுவையையும் தாளடியையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். "அப்படியானால் என் வரி தப்பு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். "அதை நீங்கள் தயவுசெய்து மாற்ற வேண்டும்" என்றேன்.

"நான் எதற்கு? நீங்களே மாற்றுங்கள்."

"அது உங்களுடையது."

"ஆமாம். அதனால் என்ன? திறந்துதானே இருக்கிறது."

"உங்கள் அனுமதி இல்லாமலா?"

"அனுமதியை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேனே. நீங்கள் படிக்கவில்லையா?"

படித்திருந்தேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று இருந்தது. கோயில் வாசலில் அனைவரும் வருக என்று எழுதியிருப்பதைப் போல அதையும் நினைத்துக்கொண்டேன், எழுதியிருப்பது ஒன்று, உள்ளே விடுவது வேறு. எங்கள் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த வயல் காய்ந்துகொண்டிருந்த ஒரு வருடம், மேல் வயல்காரரின் மடையில் ஒரு கட்டி மண்ணைக் காலால் நகர்த்திவிட்டார். அந்த வயல்காரர் மிராசு, நாங்கள் தெற்குத் தெரு. ஊர் நடுவில் நிறுத்திக் கேட்டார்கள், வாயால் மட்டும் கேட்கவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமலேயே அம்மாவிடம் சோறு கேட்டார். அடுத்தவன் மடையில் கை வைக்கக்கூடாது என்பது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்த புத்தி அல்ல, அப்பாவின் முதுகைப் பார்த்து வந்த புத்தி. இந்த மனிதர் தன் மடையில் என்னையே மண்வெட்டி போடச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

பேச்சை மாற்றுவதற்காக, அந்த வரியை எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். ஹெங்க் முதன்முறையாகச் சிரித்தார். அவர் மனைவியின் தம்பிக்குக் கோதுமை வயல் இருக்கிறதாம். ஆள் மறதிக்காரர், விளைச்சல் விவரத்தை அனுப்பியதை மறந்துவிட்டு இன்னொரு தடவை அனுப்புவாராம். அந்த ஒரு மச்சானைச் சமாளிக்கப் போட்ட வரி அது. அவர் மச்சானுக்கு ஞாபகசக்தி இல்லாததற்கு, மேட்டூரிலிருந்து கடல் வரைக்கும் இருக்கிற ஜனம் குறுவையை இழந்திருக்கிறது. கிளம்பும்போது முறுக்கைக் கொடுத்தேன். டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, "இது என்ன கருவி?" என்று கேட்டார்.

மாற்றினேன். வயல், வருடம் இரண்டோடு போகத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் நகலா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும் என்று எழுதினேன். போகம் என்பதற்கு இங்கிலீஷில் வாய்க்கு அடங்கிய சொல் கிடைக்காததால், போகம் என்றே பெயர் வைத்துவிட்டேன். ஹெங்க் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. காற்புள்ளிக்குப் பின்னால் இடம் விடவில்லை என்று மட்டும் திருப்பி அனுப்பினார். இடம் விட்டேன். ஏற்றுக்கொண்டு, எழுதியவர்கள் வரிசையில் தன் பெயருக்குக் கீழே என் பெயரையும் போட்டார். ஊருக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"எவ்ளோ தருவாங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணும் தர மாட்டாங்க. பேரு மட்டும்தான்."

"கல்யாணப் பத்திரிகையில தங்கள் நல்வரவை விரும்பும்னு போடுவாங்களே, அந்த மாதிரியா? அதுல பேர் போட்டாக்கூட மொய்தான் செலவு."

கிண்டலடித்தாலும் அவருக்குப் பெருமைதான், மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். புதிய வரைபடத்தில் எங்கள் டெல்டா பச்சையாக எழுந்து நின்றது. கூடவே வியட்நாமில் மீகாங் ஆற்று டெல்டாவும் மூன்று போகத்தோடு எழுந்து நின்றது. நான் திறந்த வழியில் அவர்களுக்கும் பாய்ந்துவிட்டது. கடைசிச் சுற்றில் எங்கள் இரண்டு ஊரும்தான். மேலாளர் அம்மாவுக்கு எங்கள் ஊர்மேல்தான் விருப்பம், ஆள் கையிலேயே இருக்கிறாளே. கடைசியாக முடிந்த சாகுபடியின் விவரத்தை மட்டும் சேர்த்துவிடச் சொன்னார். எங்கள் ஊர்தான் என்று நானே முடிவுகட்டி, பாதி மூட்டையைக் கட்டிவிட்டேன். அங்கே கலியபெருமாளும் சும்மா இருக்கவில்லை.

"தேனு, கொல்லையில வெஸ்டர்ன் கக்கூஸ் கட்டிட்டேன்."

"எதுக்குங்க?"

"வெளிநாட்டுல இருந்து வர்ற, உனக்குக் குந்த முடியுமோ முடியாதோன்னுதான்."

இங்கே பேப்பரைச் சுருட்டி வைத்திருக்கிறார்களே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பதில்லை, நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் மக்கை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன் என்பதைச் சொல்லி அவர் மனதை உடைக்கவில்லை. சாகுபடி விவரம் கேட்டேன்.

"குறுவை எவ்வளவு கண்டுச்சுங்க?"

"குறுவையா? மேட்டூர் தொறக்கவே இல்ல. ஆத்துல மணல் லாரிதான் ஓடுது. அப்பறம் பெய்ஞ்ச மழைய நம்பி சம்பா போட்டாங்க. ஒத்த போகம்தான்." பிறகு, "போன வருஷத்ததப் போட்டுக்கயேன், யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். அவரே அடுத்த நொடியில், "வேணாம், வேணாம். நானே பசங்கள காப்பி அடிச்சா வெளிய நிறுத்தறேன்" என்றார்.

யாரும் வந்து பார்க்கப்போவதில்லைதான். குறுவை என்று இரண்டாவது வரி ஒன்றை எழுதிவிட்டால் நான் வீட்டுக்குப் போய்விடலாம். எழுத நினைத்தேன் என்பதில் எனக்கு வெட்கமில்லை, நாலு வருடம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவளுக்கு அந்த ஆசை வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் இல்லாத குறுவையை இருக்கிறது என்று எழுதினால், சோதனை விதையோடு வந்து வறண்ட வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போவதும் நான்தான். அதோடு, இருந்த குறுவையை இல்லை என்று ஒருவர் அழித்ததற்காக முறுக்கு சுட்டுக்கொண்டு ரயிலேறிச் சண்டைக்குப் போனவள் நான். சம்பா என்று ஒரே வரி எழுதினேன். ஓஹ்ஸ்ட் அதை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது. சோதனை வயல் மீகாங்குக்குப் போயிற்று.

போனில் சொன்னேன். கார்டில் காசு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க மூணு போகமா?"

"மூணு."

"குடுத்து வெச்சவங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அவர் அழ விட்டார்.

பிறகு நான்தான், "அந்த வெஸ்டர்ன் கக்கூச என்ன பண்ணப் போறீங்க? மேஸ்திரிய வெச்சுப் பேத்துடுங்க" என்றேன்.

"இருக்கட்டும். நான்தான் தெனமும் அதுல போறேன்."

"உங்களுக்குப் பிடிக்காதே."

"பிடிக்கலதான். காலு தொங்குது, ஒண்ணும் வர மாட்டேங்குது" என்றார். "ஆனா பழகிக்கணுமில்ல. அங்க வந்தா இதானே?"

விமானப் பயம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, இந்தியச் சாமான் கடையில் இன்னொரு மக் வாங்கி வந்து, என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன்.