ஒரு பானைக் கஞ்சிக்கு மூன்று மாடு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நான் கட்டிய முதலாவது சாண எரிவாயுத் தொட்டி மூன்று மாதம் நன்றாக எரிந்தது. பிறகு மாடுகள் ஊரைவிட்டுப் போய்விட்டன.

தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா முடித்த சூடு எனக்கு அப்போது ஆறியிருக்கவில்லை. யுத்தம் முடிந்திருந்தது. முகாம்களிலிருந்து திரும்பிய சனம் வாவிக்கு அங்கால் தகரக் கொட்டில்களில் குடியிருந்தது. மின்சாரக் கம்பி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஊர் தன் அடுப்புக்கு வேண்டியதைத் தானே உண்டாக்க வேண்டும் என்று கொள்கை வைத்திருந்த ஒரு சின்ன நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. கொள்கை அவர்களுடையது, மோட்டார் சைக்கிள் என்னுடையது. ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு காலையும் மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி வாவியைக் கடப்பேன். பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவையை. அதில் நின்றுகொண்டு, அக்கரையில் இறங்கியதும் யாருக்கு எதை விளங்கப்படுத்துவது என்று யோசித்தபடி போவேன். எனக்கு யாரும் எதையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை என்பது அப்போதைய என் கணிப்பு.

தொட்டிக்கு நான் தெரிவு செய்த வீடு ஒரு அக்காவுடையது. பக்கத்திலிருந்த பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காலையில் பயற்றங்கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவர் அவர். அவருடைய கணவர் வாவியில் வலை வீசுவார். மீன் படும் நாளும் உண்டு, படாத நாளும் உண்டு. அந்த வீட்டில் நிலையாக இருந்தது கஞ்சி வேலைதான்.

கஞ்சிக்கு விறகு வேண்டும். விறகு வயலைத் தாண்டிய காட்டில் இருந்தது. காட்டின் ஓரத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. பெண்கள் நான்கைந்து பேராக, ஒருவர் கால் வைத்த இடத்திலேயே மற்றவரும் கால் வைத்துப் போய் வருவார்கள். அந்தக் காட்டில் மாடு ஒன்று மிதிவெடியில் சிதறியதை அக்கா கண்ணால் கண்டிருந்தார்.

"இனி நீங்க காட்டுக்குப் போகத் தேவையில்ல அக்கா," என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால் பல தடவை சொன்னேன்.

கணக்கும் போட்டிருந்தேன். அறுவடை முடிந்த வயலில் நின்று மாடுகளை எண்ணினேன். எங்கு பார்த்தாலும் மாடு, எங்கு மிதித்தாலும் சாணம். மாட்டின் தொகை, ஒரு மாட்டின் சாணம், அதிலிருந்து வரும் வாயு, எல்லாம் பெருக்கலில் அழகாக வந்தது. செங்கல்லால் நிலத்துக்குள் தொட்டி கட்டினோம். காத்தான்குடியில் வாங்கிய குழாயைச் சமையலறைக்கு இழுத்தோம். சாணத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, பல நாட்கள் கழித்துப் புதிய எரிவாயு அடுப்பின் திருகைத் திறந்து தீக்குச்சியைக் காட்டியபோது நீலமாக ஒரு சுவாலை வந்தது. அக்காவின் மூன்று மண் அடுப்புகளையும் அன்றே உடைக்கச் சொன்னேன். காரணம், நிறுவனத்துக்கு அனுப்ப எடுத்த புகைப்படம். புதிய அடுப்புக்குப் பின்னால் கரி பிடித்த அடுப்பு நின்றால் படத்தில் எடுபடாது.

அந்தக் கோடையில் அக்கா விறகு சேர்க்கவில்லை. மற்ற வீடுகளில் மாரிக்கென்று விறகு கூரை முட்ட அடுக்கியிருந்தது. அதையும் நான் பார்த்தேன். பழைய பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாதி முடியும் தறுவாயில் ஒரு திங்கட்கிழமை பாதையால் இறங்கிப் போனால் ஊர் வெறுமையாகக் கிடந்தது. எதைக் காணவில்லை என்று பிடிபடவே சற்று நேரம் எடுத்தது.

"அக்கா, மாடெல்லாம் எங்க?"

"மேய்ச்சலுக்குப் போயிட்டு."

"எப்ப வரும்? பின்னேரமா?"

அக்கா பயறு புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வயல் வெட்டு முடியத்தான் வரும் தம்பி. மாசி, பங்குனி ஆகும்."

வயல் விதைப்புக்கு முன் ஊர்க் கூட்டம் ஒரு நாளைக் குறிக்கும். அந்த நாளுக்குள் எல்லா மாட்டுப் பட்டிகளும் தூரத்து மேய்ச்சல் தரைக்கு ஓட்டிச் செல்லப்பட வேண்டும். பயிர் நிலத்தில் நிற்கும்வரை ஒரு மாடும் ஊருக்குள் நிற்க முடியாது. யுத்தத்துக்கு முன்பும் அப்படி, பிறகும் அப்படி. இதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல?"

"இதச் சொல்லுறதா? மாரிக்கு மாடு ஊருக்குள்ள நிக்காதெண்டு ஆருக்குத் தெரியாது?" அக்கா உண்மையாகவே திகைத்துப் போனார். "நீங்க படிச்ச ஆள். மாரிக்கு வேற என்னவும் கொண்டு வருவீங்க எண்டெல்லோ நாங்க இருந்தம். நானே கேக்கணும் எண்டு நினைச்சன். மாரிக்கு இதுக்குள்ள என்ன போடுற?"

நான் போய்த் தொட்டியில் சாணம் ஊற்றும் வாயை எட்டிப் பார்த்தேன்.

சுனாமி வந்தபோது நான் பள்ளிக்கூடப் பொடியன். எங்கள் வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது, பிறகு இருக்கவில்லை. முகாமில் எங்களுக்குக் குளிர்நாட்டுக் கோட்டுகள் கொடுத்தார்கள். வியர்வை வழிய வரிசையில் நின்று வாங்கினோம். அம்மா அதில் ஒன்றை வெட்டிக் கால்மிதியாக்கினார். கல்லூரியில் இந்தக் கதையைச் சொல்லி நிறையப் பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அதைச் சொல்வதில்லை.

சுவாலை ஒரு வாரத்துக்குள் சுருங்கியது. முதலில் கஞ்சி பிந்தியது. பிறகு பயறு அரைவேக்காட்டில் இறங்கியது. பாலர் பாடசாலைக்குப் பணம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பானையை எட்டிப் பார்த்தார். இப்படியே போனால் அடுத்த மாதத்திலிருந்து டவுனில் இருந்து பிஸ்கட் பக்கற் அனுப்புவோம், சமைக்க ஆள் தேவைப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார். மழை பிடித்துவிட்டது. காட்டில் விறகு நனைந்து கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் அடுக்கிலிருந்து ஆளுக்கு இரண்டு கொள்ளி கொடுத்தார்கள். அக்கா மூன்று கல்லை வைத்து அதில் கஞ்சியை ஒப்பேற்றினார். என்னை அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

மேய்ச்சல் தரையிலிருந்து தினமும் பால் கொண்டு வருபவரை வழியில் மறித்தேன்.

"அண்ணே, வரக்குள்ள ஒரு சாக்குச் சாணியும் கட்டிக்கொண்டு வர ஏலுமா?"

அவர் சைக்கிளை நிறுத்திப் பால் கேன்களைத் தொட்டுக் காட்டினார். "இஞ்சால பாலு, அங்கால சாணி. ஒரு வீட்டு வளவுக்குள்ளயும் மறுகா என்னைச் சேக்க மாட்டாங்க. உமக்குக் கேஸ் வரும், எனக்குப் பொழப்புப் போகும்."

கடைசியில் அக்காதான் வழி சொன்னார். "மூண்டு மாட்டக் கட்டி வளக்க விட்டாங்கெண்டாக் காணும். கூட்டத்தில கேப்பம்."

வயல் காவலைப் பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. வட்டவிதானை நடுவில் இருந்தார். வட்டையின், அதாவது அந்த வயல்வெளியின், வேலைகளைப் பார்க்க விவசாயிகள் தெரிவு செய்கிற ஆள் அவர். அக்கா எழுந்து ஒரே மூச்சில் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு மாடும் நிக்கேலாது," என்றார் வட்டவிதானை. "ஒண்டுக்கு விட்டா நாளைக்கு ஆளுக்காள் கேப்பாங்க."

நான் எழுந்து தொட்டியின் பயனை விளக்கத் தொடங்கினேன். பின்னாலிருந்து ஒருவர், "தம்பி, நீங்க இருங்க. உங்கட விளக்கத்தில தான் அவ அடுப்ப உடைச்ச," என்றார். மண்டபம் சிரித்தது. உட்கார்ந்தேன்.

அக்கா மறுபடி எழுந்தார். "நான் அவிட்டு மேய விடக் கேக்கல்ல. கயித்திலயே நிக்கும். கஞ்சி குடிக்கிறது உங்கட புள்ளயள்தானே. பிஸ்கட்தான் நல்லமெண்டா இப்பவே சொல்லுங்க, நான் பேசாமப் போறன்."

வட்டவிதானை காதைச் சொறிந்தார்.

"கயித்தில நிக்கிற மாட்டுக்குப் புல்லு ஆர் வெட்டுற? நீ கஞ்சி காய்ச்சுவியா, புல்லு வெட்டுவியா? பசிச்சா மாடு கயித்த அறுக்கும்."

பின்னாலிருந்த அதே குரல், "அந்தா, படிச்ச ஆள் சும்மாதானே இருக்கார்," என்றது.

இந்தமுறை சிரிப்பு அடங்க வெகு நேரமானது. அடங்கிய பிறகு பார்த்தால் தீர்மானம் அதுவாகவே இருந்தது. பட்டியிலிருந்து பிரித்த மூன்று மாடு, அக்காவின் வீட்டு வளவில், கயிற்றில். தினமும் புல் வெட்டிப் போடுவது நான். மாடு ஒரு முறை வயலில் இறங்கினாலும் அன்றைக்கே மூன்றும் மேய்ச்சலுக்குப் போகும்.

ஊரிலேயே தங்கினேன். புல் வெட்டுவது பார்க்க இலகுவான வேலை. முதல் நாள் நான் வெட்டியது ஒரு மாட்டின் கடைவாய்க்கும் போதவில்லை. இரண்டாம் நாள் விரலை வெட்டினேன். வரம்பில் வேலை செய்கிறவர்கள், "டிப்ளோமா, இடது பக்கம் நல்ல புல்லு நிக்கி" என்று கூப்பிட்டுச் சொல்வார்கள். பத்து நாள் போல் சென்றபின் சுவாலை மறுபடி நீலமாக வந்தது. என் கணக்கில் இரண்டு அடுப்பு, மூன்று வேளை. கிடைத்தது ஒரு பானைக் கஞ்சி கொதிக்கும் நேரம். கஞ்சி நேரத்துக்கு வெந்தது. பானையைப் பார்க்க வந்த அலுவலகத்து ஆள் ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போனார். பிஸ்கட் பேச்சு நின்றது.

கார்த்திகையில், பயிர் ஒரு மாத வயதில் நின்றபோது, நான்கு நாள் விடாத மழை. நனைந்த புல்லுக்குப் பாரம் அதிகம். அரைக் கட்டோடு திரும்பி, அதைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் இரண்டு மாடுதான் நின்றன.

சிவலை மாட்டை முன் வயலில் கண்டேன். முழங்காலளவு சேற்றில் நின்று நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. நான் கயிற்றின் அறுந்த துண்டைப் பிடித்து இழுத்தேன். அது என்னை இழுத்தது. இருவருமாக வரம்பில் ஏறியபோது அங்கே வட்டவிதானை குடையோடு நின்றார். அது அவருடைய வயல்.

அவர் முன்னால் நடந்தார். நான் மாட்டோடு பின்னால் போனேன். அக்காவின் வளவில் பிள்ளைகள் கோப்பைகளோடு இருந்தார்கள். அக்கா எங்களைக் கண்டதும் அகப்பையைப் பானைக்குள் விட்டுவிட்டு நிமிர்ந்தார். மாட்டின் வாயோரம் பச்சையாக நெற்பயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

வட்டவிதானை பானையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பிறகு மாட்டின் பக்கம் போய் அதன் ஒட்டிய வயிற்றில் கை வைத்தார்.

"இதுக்கு நேத்து ராவு என்ன போட்ட?"

"அரைக் கட்டு," என்றேன்.

"பட்டினி மாடு வேலிக்குள்ள நிக்குமா? கூட்டத்தில சொன்னதுதானே." குடையை மடக்கினார். "புதுக் கயிறு வாங்கும். என்ட வயலில அழிஞ்ச இடத்துக்கு அடர்ந்த இடத்தில நாத்துப் பிடுங்கி நடோணும், அதையும் நீர்தான் நடுற. இத ஒருத்தருக்கும் சொல்லிக்கொண்டு திரியாதயும்."

அக்கா கஞ்சியை ஒரு கோப்பையில் ஊற்றி அவரிடம் நீட்டினார். அவர் வாங்கி நின்றபடியே குடித்தார். எனக்கு யாரும் நீட்டவில்லை. மூன்று மாடும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. மழை விடவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு வரம்புக்குப் போனேன்.