கூலிங் டவருக்கு நடந்த அர்ச்சனை

குளிரை யாரும் தயாரிப்பதில்லை. சூட்டை எடுத்து வேறு இடத்தில் கொட்டுகிறோம், அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த மேனேஜருக்கு இது கடைசிவரை மண்டையில் ஏறவில்லை. சில்லர் மெஷின் குளிரவைத்த தண்ணீர் குழாய் வழியே ஒவ்வொரு கூடத்துக்கும் போய், அங்கிருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பும். அந்தச் சூட்டை இன்னொரு தண்ணீர் மொட்டைமாடியில் இருக்கும் கூலிங் டவருக்குத் தூக்கிப்போய் வெளிக்காற்றில் விடும். அந்த ஓட்டம் தடைப்பட்டால் கீழே எல்லோரும் வேகவேண்டியதுதான்.

ஆயுத பூஜைக்கு நாங்கள் சில்லருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து ஒரு முழம் பூ சாத்துவதோடு சரி. மேனேஜர் ஐயாவுக்கு அது போதவில்லை. கூடை கூடையாகச் சாமந்தியை உதிர்த்து டவர் தொட்டித் தண்ணீரிலேயே அர்ச்சனை செய்தார். அதைப் படம் பிடிக்க ஓர் ஆள் வேறு.

"சார், பூவு போயி பில்டர்ல அடைச்சிக்கும். வாணாம் சார்," என்றேன்.

"சாமி காரியத்துல குறுக்க பேசாத," என்றார். பெரிய பக்திமான்.

லீவு முடிந்து ஆலை ஓடிய முதல் நாளே இதழெல்லாம் கூழாகி வடிகட்டியை அடைத்து, பெரிய சில்லர் நின்றுவிட்டது. தனி டவர் உள்ள சின்ன சில்லர் மட்டும் ஓடியது. நான் மாடியில் நாற்றமடித்த கூழை வழித்துக்கொண்டிருந்தேன். முதலாளி வருகிறார் என்று, இருந்த கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரையும் ஆபீஸ் பக்கம் திருப்பி, பேக்கிங் கூடத்து வால்வை மூடச்சொல்லிவிட்டார் இந்த மனிதர். ஜன்னலே இல்லாத கூடம் அது.

அங்கே ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வேலை செய்தாள். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவள், கான்ட்ராக்ட். நான் இறங்கி வந்தபோது கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, காத்தே வரல. கண்ண இருட்டிக்கினு வருது."

வெளியே உட்கார அனுமதி கேட்டாளாம். முதலாளி வரும் நேரத்தில் யாரும் வெளியே தென்படக்கூடாது என்றார்களாம். நான் ஓடிப்போய் வால்வைத் திறந்துவிட்டுத் திரும்புவதற்குள் விழுந்துவிட்டாள்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மேனேஜர், "இப்படிப்பட்டவங்கள எல்லாம் எதுக்கு எடுக்கிறீங்க?" என்று கான்ட்ராக்டரைக் கடிந்துகொண்டார். அவரை நான் அதற்குமுன் முட்டாள் என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

உடம்பு தேறி வேலைக்கு வந்தவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"நான் வுழுந்ததாலதான வாணாம்ன்றாங்க? இனிமே வுழமாட்டேன்னு நீங்களாவது சொல்லுங்கண்ணே," என்றாள்.