அலகு குத்தாத ஆடி

தொம்மலூரில் எங்கள் தெரு அம்மனுக்கு வருஷா வருஷம் ஆடியில் கன்னத்தில் அலகு குத்திக்கொள்வேன். குடலில் புற்றுநோய் என்று தெரிந்த வருஷமும் விடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். உயிரை அவளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

டாக்டரம்மா ஒப்பவே இல்லை. கீமோவோடு எனக்கு ஒரு புது மருந்தும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கட்டி வளர ரத்தம் வேணும்மா. அதுக்கு அது ஒரு சிக்னல் அனுப்பும். உடனே பக்கத்து ரத்தக் குழாய்ல புதுக் கிளை முளைக்கும். பர்மிஷன் இல்லாம வீடு கட்டிட்டு காவேரித் தண்ணிக்கு பைப் இழுக்கறாங்கல்ல, அப்படி. இந்த மருந்து அந்த சிக்னலைத் தடுக்குது."

"தடுக்கட்டுமே! அலகு என்ன பண்ணுச்சு?"

"காயம் ஆறவும் அதே சிக்னல்தான் வேணும். குத்தினா ரத்தம் நிக்காம போகலாம், புண்ணு ஆறாம போகலாம். குத்தியே தீரணும்னா மருந்தைச் சில வாரம் நிறுத்தணும். அதுவரைக்கும் கட்டி சும்மா இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

என்ன அநியாயம்! வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். ஊசியைப் பார்த்தாலே அவருக்குக் கண் இருட்டும். எனக்கு மருந்து ஏறும்போது ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

"அடுத்த வருஷம் குத்திக்கயேன்டி."

"அடுத்த வருஷம் நான் இருக்கணுமே!"

அவர் என் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு முடிவெடுத்தேன். மருந்தை நிறுத்த மாட்டேன், பால்குடம் மட்டும் எடுப்பேன். அம்மன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், எனக்கும் அவள்மேல் கோபம்தான்.

காப்புக் கட்டிய அன்று வீட்டுக்காரரும் கையை நீட்டினார். எனக்குத் துணையாக விரதம் இருக்கிறார் என்று நினைத்தேன். பீடியை விட்டார், கறியை விட்டார். "அடேயப்பா, சாமியாரே!" என்று கிண்டல்கூடச் செய்தேன்.

திருவிழாவன்று பூசாரி வழக்கம்போல வேலோடு என் முன்னால் வந்து நின்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அதற்குள் என் வீட்டுக்காரர் குறுக்கே வந்துவிட்டார்.

"இவளுக்குக் குத்தக் கூடாது சாமி. இவ வேண்டுதலை எனக்குக் குத்துங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். பூசாரி அவர் கன்னத்தில் அலகைக் குத்தினார். பால்குடத்தைச் சுமந்து அவர் பின்னால் தெரு முழுக்க அழுதுகொண்டே நடந்தேன்.

அடுத்த தடவை மருந்து ஏற்றப் போனபோது அவரும் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நர்ஸ் ஊசி குத்தும்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிய கன்னத்தில் அலகு குத்திய காயம் ஆறியிருந்தது.